இல்லத்துப் பெட்டகமும் அதன் மூளையும்

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு இவ்வாக்கின் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி வீட்டுக் கூரைகளைப் பெயர்த்தெறிந்தபோது, அக்கூரைகளின் கீழ்ப் பெட்டிகளிற் கிடந்த காணி உறுதிகளும் ஏட்டுச் சுவடிகளும் திருமணப் படங்களும் மழையில் ஊறிப் பாழாயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளை அடியோடு வாரிச் சென்றது. மறைந்தோரின் முகத்தை மீண்டும் பார்க்க ஒரு படந்தானும் எஞ்சாத குடும்பங்கள் அன்று எத்தனை!

இன்று நம் படங்கள் சுவரில் தொங்குவதில்லை, கைபேசிக்குள் உறங்குகின்றன. பேரப்பிள்ளையின் முதற் சிரிப்பு, பாட்டி பாடிய தாலாட்டு, அண்ணாவியார் வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் படம்பிடித்த கூத்துக் கொப்பி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், காணி உறுதி ஆகிய அனைத்தும் உள்ளங்கையளவான ஒரு கண்ணாடிப் பலகையில் அடங்கிவிட்டன. அது தோணியிலிருந்து நழுவி வாவியில் வீழ்ந்தால் ஒரு தலைமுறையின் நினைவு அதனோடு போய்விடும். ஆதலின் வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கணினியை அமைத்து, எல்லாருடைய கைபேசிகளிலிருந்தும் மடிக்கணினிகளிலிருந்தும் கோப்புக்களை அதில் ஒன்றுசேர்த்து வைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. கணினி பயில்வோர் இதனை 'நாஸ்' என்பர். நாம் இதனைப் பெட்டகம் என்றே வழங்குவோம்.

பெட்டகம் ஒன்றைத் தாமே கட்ட விழையும் இளைஞர் முதலிற் கேட்கும் கேள்வி, எந்தப் புரொசசரை வாங்குவது, எந்தத் தாய்ப்பலகையை வாங்குவது என்பதே. புரொசசர் என்பது மாணவர் பாடநூலில் முறைவழியாக்கி என்று படிக்கும் சில்லு, கணினியின் மூளை. தாய்ப்பலகை என்பது அம்மூளையையும் நினைவகத்தையும் வன்தட்டுக்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பலகை. கடைகளில் மதர்போர்ட் என்பர். இவற்றைத் தெரிவு செய்யும் முறையையே இவ்வாரம் ஆராய்வோம்.

பெட்டகத்தின் வேலை யாது?

மாட்டைப் பார்த்து விலை பேசுமுன், அது ஏருக்கா, வண்டிக்கா, பாலுக்கா என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டகத்தின் வேலையோ மிக எளியது. கோப்பை வாங்கி வைக்க வேண்டும்; கேட்டபோது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளின் 24 மணித்தியாலங்களில் அது உழைக்கும் நேரம் ஒன்றோ இரண்டோ மணித்தியாலம். எஞ்சிய நேரமெல்லாம் விழித்தபடி காத்திருத்தலே அதன் தொழில்.

கொள்ளளவையும் சற்றுக் கணக்கிடுவோம். கைபேசிப் படம் ஒன்று 4 மெகாபைட் எனக் கொண்டால், 2,50,000 படங்கள் சேர்ந்தே 1 டெராபைட் ஆகும். நாள்தோறும் 20 படங்கள் எடுக்கும் குடும்பம் அவ்வெண்ணிக்கையை எட்ட 34 ஆண்டுகள் செல்லும். நிகழ்படங்கள் இதனினும் பன்மடங்கு இடம் பிடிக்கும் என்பது மெய்யே. எனினும் 4 டெராபைட் கொள்ளளவுள்ள இரண்டு வன்தட்டுக்களைப் பூட்டி, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் உடனுக்குடன் எழுதுமாறு அமைத்தால், ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பல்லாண்டுக்கு அது போதும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். வீடுகளில் வழக்கமாக உள்ள கம்பி வலையமைப்பு ஒரு செக்கனுக்கு 1,000 மெகாபிற் கடத்தும். அதாவது நடைமுறையில் ஏறத்தாழ 110 மெகாபைட். இன்றைய வன்தட்டு ஒன்று தனித்தே அதனினும் விரைவாகப் படிக்கவல்லது. புரொசசரோ வன்தட்டைக் காட்டிலும் பன்மடங்கு விரைவானது. வாசல் ஒடுங்கியதாயின் கூடம் எவ்வளவு அகன்றிருந்தும் ஒருவர் பின் ஒருவராகத்தானே வெளியே வர முடியும்? ஆகவே பத்தாயிரக்கணக்கில் மேலதிகமாகச் செலவிட்டு வாங்கும் வலிய புரொசசரால் ஒரு படமேனும் முன்னதாக வந்துசேராது. 1 டெராபைட் முழுவதையும் நகர்த்த இரண்டரை மணித்தியாலம் செல்லும். எந்த மூளையைப் பொருத்தினாலும் அவ்வாசலால் செல்லும் நேரம் அவ்வளவே.

ஒரு விலக்கு உண்டு. பெட்டகத்திலுள்ள திரைப்படத்தைத் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் ஏற்றவாறு அவ்வப்போது உருமாற்றிக் காட்ட விரும்புவோர்க்குச் சிறிது வலு வேண்டும். அதற்கும் பெரிய புரொசசர் தேவையில்லை. நிகழ்படத்தைக் கையாளும் தனிப்பகுதி பல சிறிய இன்டெல் சில்லுகளில் ஏற்கெனவே அமைந்துள்ளது.

அணையா விளக்கின் கணக்கு

வேகத்தைக் காட்டிலும் முதன்மையாக நோக்க வேண்டியது, ஓய்ந்திருக்கும்போது பெட்டகம் உண்ணும் மின்சாரம். இது இரவும் பகலும் அணையாத விளக்கு அன்றோ? மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 1 வாட் மின்வலுவை 30 நாள் இடையறாது செலவிட்டால் 720 வாட்-மணி, அதாவது 0.72 அலகு ஆகும். 20 வாட் உண்ணும் பெட்டகம் மாதம் 14.4 அலகு செலவிடும். 90 வாட் உண்ணும் பெட்டகமோ 64.8 அலகு செலவிடும். வேறுபாடு 50 அலகுக்குச் சற்று மேல்.

நம் நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. அலகுகள் ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். ஆகவே அந்த 50 அலகு தன் விலையோடு நிற்பதில்லை. முழுப் பட்டியலையும் மேற்படிக்குத் தள்ளிவிடவும் கூடும். மலிவாகக் கிடைத்தது என்று பழைய பெரிய வழங்கிக் கணினியை வாங்குவோர், கடைக்காரருக்குக் கொடாத பணத்தை மாதந்தோறும் மின்சார சபைக்குக் கொடுப்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புரொசசரின் உறையில் 65 வாட், 35 வாட், 6 வாட் என அச்சிட்டிருப்பதைக் கண்டு அதுவே செலவு என எண்ணலாகாது. அது தொடர்ந்து உழைக்கும்போது வெளிப்படும் வெப்பத்தின் அளவீடு. குளிர்விக்கும் விசிறியைத் தெரிவதற்கென இடப்பட்டது. 65 வாட் எனக் குறிக்கப்பட்ட சில்லும் ஓய்வில் மிகச் சில வாட்டே உண்ணும். பெட்டகம் முழுவதும் ஓய்வில் எவ்வளவு உண்கிறது என்பதே நமக்கு வேண்டிய எண். சுவர்ச் செருகியில் மாட்டும் சிறிய மின்னளவி ஒன்றால் அதனை எவரும் அளந்தறியலாம். சுழலும் பெரிய வன்தட்டு ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 5 வாட் அளவில் கேட்கும் என்பதையும் கணக்கிற் சேர்க்க.

'கலை' அலையாகும் விந்தை

மின்சாரத்துக்கு அடுத்தபடி நாம் நோக்க வேண்டியது மெய்ம்மை. கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தருவதுதான் பெட்டகத்தின் கற்பு.

கணினி எழுத்தையெல்லாம் 0, 1 என்னும் இரு குறிகளாக மாற்றியே வைத்துக்கொள்ளும். இக்குறி ஒவ்வொன்றும் பிற் எனப்படும். உலகெங்கும் வழங்கும் யூனிக்கோடு முறையில் 'க' என்னும் எழுத்துக்கும் 'அ' என்னும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு பிற். 'கலை' என்று எழுதி வைத்த சொல்லில் அந்த ஒரு குறி 1இலிருந்து 0ஆகப் புரண்டால், மறுநாள் நாம் படிப்பது 'அலை'! எழுத்துப் பிழையாயின் கண்டு திருத்தலாம். படக் கோப்பில் ஒரு குறி புரண்டாலோ, பாட்டியின் முகத்துக்குக் கீழே எல்லாம் வண்ணக் கோடுகளாகச் சிதைந்து போகவும் கூடும். பல்லாண்டு கழித்துத் திறந்து பார்க்கும் நாளில்தான் அது தெரியவரும்.

இத்தகைய பிழையைத் திருத்தும் வழியைக் கண்டவர் றிச்சட் ஹமிங் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். 1940களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் வார இறுதி நாட்களில் அவருடைய கணக்குகளைச் செய்துவந்த இயந்திரம், பிழை கண்டதும் அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் செல்லும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இராது. பிழை உண்டென்று அறியவல்ல இயந்திரம், அப்பிழை எவ்விடத்திலுள்ளது என்பதையும் ஏன் அறிந்து திருத்தலாகாது என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனை 1950இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

அவர் வகுத்த வழியின் வாரிசே இன்று 'ஈ.சி.சி.' எனப்படும் பிழைதிருத்து நினைவகம். 64 குறிகளுக்கு மேல் 8 காவற் குறிகளைச் சேர்த்து 72ஆக வைப்பது அதன் பொதுவான முறை. ஒரு குறி புரண்டால் தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால் பிழை உண்டென்று கூவி அறிவிக்கும். சாதாரண நினைவகத் துண்டின் ஒரு பக்கத்தில் எட்டுச் சில்லுகள் இருக்குமிடத்தில் இதில் ஒன்பது இருப்பதைப் பலவற்றில் கண்ணாலேயே காணலாம். புதிய டீ.டீ.ஆர்.5 நினைவகத்தில் எல்லாத் துண்டுகளிலும் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தம் அமைந்துள்ளது. ஆனால் அது நாம் சொல்லும் ஈ.சி.சி. அன்று. சில்லிலிருந்து புரொசசர் வரையுள்ள பாதையை அது காப்பதில்லை. விளம்பரத்தைக் கண்டு மயங்குதல் கூடாது.

இவ்வகைப் பிழை மெய்யாகவே நேர்கிறதா என ஐயுறுவோரும் உளர். டொறொன்டோப் பல்கலைக்கழகத்தாரும் கூகிள் நிறுவனத்தாரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிறுவனத்தின் கணினிகளிலிருந்த நினைவகத் துண்டுகளில் ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை பிழை கண்டமை தெரியவந்தது. அவை இராப்பகலாக உழைக்கும் கணினிகள்; நம் வீட்டுப் பெட்டகம் அத்துணை உழைப்பதில்லை. எனினும் பேரன் காலம் வரை வைத்திருக்க எண்ணும் பொருளுக்கு இது புறக்கணிக்கத்தக்க எண் அன்று.

சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் ஆக்கி 2005இல் மூலநிரலை வெளியிட்ட 'ஸெட்.எஃப்.எஸ்.' என்னும் கோப்பு முறைமை, வன்தட்டில் எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இட்டு, படிக்கும்போது ஒப்புநோக்கும். பிழையிருப்பின் மற்றத் தட்டிலுள்ள நற்பிரதியைக் கொண்டு திருத்தும். பெட்டகத்துக்கென இலவசமாகக் கிடைக்கும் 'ட்ரூநாஸ்' மென்பொருள் இதனையே அடிப்படையாகக் கொண்டது. ஈ.சி.சி. இன்றியும் இது நன்கு இயங்கும். ஆனால் சரிபார்ப்பு எண் இடுமுன்னரே நினைவகத்தில் குறி புரண்டுவிட்டால், அப்பிழையையே மெய்யென்று கருதிப் பத்திரமாகக் காத்து வைக்கும்! இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்றே கொள்ளுக.

பலகையை முதலிற் பாருங்கள்

இளைஞர் பலர் புரொசசரை முதலில் தெரிந்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பலகை ஏதேனும் ஒன்றைப் பிறகு வாங்குகின்றனர். பெட்டகத்துக்கு இவ்வொழுங்கைத் தலைகீழாக்குவதே நன்று. வேகம் போதும் என்று முடிவாகிவிட்டபின், எஞ்சிய தேவைகள் யாவும் பலகையைப் பற்றியவையே அல்லவா?

முதலாவதாக, வன்தட்டுக்களைப் பூட்டும் 'சாட்டா' வாய்கள் எத்தனை என்று எண்ணுக. இன்று இரண்டு தட்டு எனினும் நாளை நான்கு வேண்டும். இரண்டாவதாக, பிற்காலத்தில் வேறோர் அட்டையைச் செருக இடமுண்டா என்று காண்க. மூன்றாவதாக, ஈ.சி.சி. வேண்டுமெனில் அதற்குப் புரொசசர், பலகை, நினைவகம் மூன்றும் உடன்பட வேண்டும். ஒன்று தவறினும் திருத்தம் நிகழாது. சில பலகைகளில் கணினி வழமைபோல் இயங்கிக்கொண்டே திருத்தத்தை மட்டும் செய்யாதிருக்கும். பலகையைச் செய்தோர் தம் கையேட்டில் வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி நம்பலாகாது. நான்காவதாக, வழங்கிப் பலகைகள் சிலவற்றில் திரையும் விசைப்பலகையும் இன்றித் தொலைவிலிருந்தே கணினியை நிறுத்தவும் எழுப்பவும் உதவும் தனிச் சில்லு உண்டு. பிள்ளை பேராதனையிற் படிக்கப் பெட்டகம் களுவாஞ்சிகுடியில் இருக்குமாயின் இது பெருந்துணை. ஆனால் அச்சில்லும் உறங்காமற் சில வாட் உண்ணும்.

வழங்கிக்குரியது என்ற பெயர் ஒன்றே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு அண்மைக் கால வரலாறே சான்று. 2013இல் இன்டெல் வெளியிட்ட அற்றம் சி2000 என்னும் சில்லு வழங்கிகளுக்கென்றே செய்யப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் இயங்கியதால் வீட்டுப் பெட்டகங்களிலும் இடம்பெற்றது. அச்சில்லிலுள்ள ஒரு கடிகாரக் குறிப்பலை காலப்போக்கில் நலிந்து நின்றுபோகலாம் என்றும், அவ்வாறாயின் கருவி மீண்டும் எழாது என்றும் 2017இல் தெரியவந்தது. பின்னர் அக்குறை திருத்தப்பட்டது. இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் ஒன்று. எந்தப் பலகையும் ஒருநாள் இறக்கும். அன்று வன்தட்டுக்களைக் கழற்றி வேறு எந்தக் கணினியிற் பூட்டினாலும் படிக்கக்கூடியதாயிருத்தல் வேண்டும். ஆகவே இரு தட்டுக்களில் எழுதும் வேலையை மென்பொருளிடமே விடுக. அதற்கெனத் தனி வன்பொருள் அட்டையை வாங்கினால், அவ்வட்டை பழுதாகும் நாளில் அதே இன அட்டையைத் தேடி அலைய நேரும்.

நான்கு வழிகள்

இனிக் கடைக்குச் செல்வோம். நம் பகுதியில் வீட்டுப் பெட்டகம் கட்டுவோர்க்கு நான்கு வழிகள் உள.

முதல் வழி, 2023இல் வந்த இன்டெல் என்100 போன்ற சிறு சில்லு பலகையிலேயே பதிந்து வருவது. உறையில் 6 வாட். நான்கு உட்கருக்கள். விசிறியின்றியே இயங்கும் பலகைகளும் உண்டு. படங்களைக் காக்கவும் திரைப்படம் காட்டவும் இது தாராளம். குறைகளும் உண்டு. நினைவகம் ஒற்றைப் பாதையில் இயங்கும்; வழக்கமான ஈ.சி.சி. துண்டுகளை ஏற்காது, சில்லு தானே தரும் 'சாட்டா' வாய்கள் இரண்டே. ஆறு வாய் உண்டென்று விற்கும் பலகைகளில் மற்றவை வேறொரு துணைச் சில்லின் வழியே வருவன. அத்துணைச் சில்லின் தரமே அப்பலகையின் தரம்.

இரண்டாம் வழி, அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் மேசைக் கணினி. இன்டெல் ஐ3-8100, ஐ3-9100 போன்ற புரொசசர்கள் உள்ள இவை ஓய்வில் மின்சாரத்தைச் சிக்கனமாகவே உண்ணும். உதிரிப்பாகமும் எளிதிற் கிடைக்கும். இவ்விரு புரொசசர்களும் ஈ.சி.சி. நினைவகத்தை ஏற்கவல்லவை என்பதைப் பலர் அறியார். ஆனால் சி242, சி246 என்னும் வழங்கிவகைச் சில்லுத்தொகுதி உள்ள பலகையிலேயே அது கைகூடும். சாதாரண அலுவலகப் பலகையிற் கைகூடாது. அடுத்த தலைமுறை ஐ3-10100 இல் இவ்வசதி நீக்கப்பட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. புதியதெல்லாம் மேலானது என்னும் எண்ணம் இங்கே பொய்க்கிறது.

மூன்றாம் வழி, ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன். திரைக்காட்சிப் பகுதியும் சேர்ந்த புரொசசர்களில் 'புரோ' என்னும் பட்டம் பெற்ற 4650ஜி, 5650ஜி ஆகியவை ஈ.சி.சி.யை ஏற்கும், பட்டம் பெறாத 4600ஜி, 5600ஜி ஆகியவை ஏற்கா. ஓர் எழுத்து வேறுபாட்டால் ஏமாறுதல் எளிது. இவை சாதாரணக் கடைப் பலகைகள் பலவற்றில் இயங்குவதால், வழங்கிப் பலகை தேடி அலையாமல் ஈ.சி.சி. பெற விரும்புவோர்க்கு ஏற்றவை. மேலே கூறியவாறு கையேட்டை மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்க.

நான்காம் வழி, பெருநிறுவனங்கள் கழித்த சியோன் ஈ5 வகை. 2014க்கும் 2016க்கும் இடையில் வந்தவை இப்போது மலிவு. நினைவகமும் மலிவு. ஆனால் அந்நினைவகம் 'றெஜிஸ்ரேட்' என்னும் வேறினம்; சாதாரணப் பலகைக்கு அதனைப் பிற்காலத்தில் மாற்றிப் பூட்ட முடியாது. ஓய்விலேயே 70, 80 வாட் எளிதில் உண்ணும். அத்தனையும் வெப்பமாக அறைக்குள் இறங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நம் வீடுகளுக்கு வேறு அடுப்பும் வேண்டுமோ? கணினித்துறை பயிலும் மாணவர் ஆராய்ச்சிக்கு வாங்கி, வேண்டும்போது மட்டும் இயக்கலாம். குடும்பப் பெட்டகத்துக்கு நாம் இதனைப் பரிந்துரையோம்.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

குளிர்நாட்டில் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே பின்பற்றல் நமக்குப் பொருந்தாது. ஒருபுறம் கடல், ஒருபுறம் வாவி. இடையே உப்பும் ஈரமும் கலந்த காற்று. விசிறி வேகமாகச் சுழலச் சுழல அக்காற்று பலகையின் மேல் இடையறாது படியும். வெப்பம் குறைந்த சில்லுக்கு மெல்லச் சுழலும் ஒரு பெரிய விசிறி போதும் என்பதால், சிறு புரொசசரின் சிக்கனம் இங்கே இரட்டிப்பு நன்மை. பெட்டகத்தைக் கடல்நோக்கிய யன்னலருகில் வையாது உள்ளறையில், தரையிலிருந்து உயர்ந்த தட்டில் வைக்க. மாரியில் முற்றத்து நீர் வீட்டுக்குள் வருவது நம் ஊரில் புதுமையன்று. எறும்பும் பல்லியும் நுழையாதபடி வலையிட்ட பெட்டி நன்று.

மின்வெட்டின் கொடுமையை 2022ஆம் ஆண்டு நாம் அனைவரும் அனுபவித்தோம். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை அப்போது மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் நாளும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கோப்பு குறையுயிராய் நிற்கும். ஆகவே யூ.பி.எஸ். எனப்படும் மின்கலத் துணைக்கருவி இன்றியமையாதது. அது யூ.எஸ்.பி. கம்பியால் பெட்டகத்துக்குச் செய்தி சொல்லி முறைப்படி நிறுத்தவல்லதா என்று கேட்டு வாங்குக. 20, 30 வாட் உண்ணும் பெட்டகத்தைச் சிறிய யூ.பி.எஸ். நெடுநேரம் தாங்கும், 90 வாட் உண்பதைத் தாங்கும் நேரம் மிகக் குறைவு. மின்சாரம் மீண்டதும் தானே எழுமாறு அமைக்கும் வசதி பெரும்பாலான தாய்ப்பலகைகளில் உண்டு. அதனை மறவாது இயக்கி வைக்க.

எழுவானும் படுவானும்

இதுவரை கூறியவற்றையெல்லாம் செய்து முடித்தபின்னும், பெட்டகம் ஒன்றேயாயின் நம் அணை பாதி அணையே. இரண்டு வன்தட்டில் எழுதுவது ஒரு தட்டு பழுதாவதற்கு மட்டுமே மருந்து. களவு, தீ, வெள்ளம், தவறி அழித்தல் ஆகியவை இரு தட்டையும் ஒருங்கே கொண்டுபோகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, உலகின் எம்மூலையிலிருந்தும் படிக்கத்தக்கதாக வைத்துவருகிறது. ஓரிடத்தில் மட்டும் இருப்பது இல்லாமற் போகும் என்னும் பாடத்தை நம் சமூகம் கொடுத்த விலை பெரிது. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் போன்ற பழஞ்சுவடி நூல்கள் நம் கைக்கு வந்ததும், ஏடு செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் மறுபிரதி எழுதி வைத்த பயனாலேயே.

நமக்கு இயற்கையே ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆரையம்பதியிலுள்ள குடும்பம் மாதம் ஒருமுறை மேலதிக வன்தட்டொன்றிற் பிரதியெடுத்து, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலை உறவினர் வீட்டில் வைத்துவிட்டு, சென்ற மாதத் தட்டை எடுத்து வரலாம். மாமன் வீட்டுக்குப் போக ஒரு காரணமுமாயிற்று! கடற்கரையை அலை தாக்கினும் மறுகரையில் நினைவுகள் எஞ்சும். 1978இன் சூறாவளி போன்றது இரு கரையையும் தாக்கும் என்பதால், உறுதிகள், சான்றிதழ்கள், கூத்துக் கொப்பிகள் போன்ற அரியனவற்றை மட்டும் பூட்டுச்சொல்லிட்டு மூன்றாம் பிரதியாகக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் சேர்ப்பித்தல் நன்று.

ஆகவே எம் முடிபை வரிசைப்படுத்திக் கூறுவோம். கையிலுள்ள பணத்தில் முதற் பங்கு, மறுகரைக்குச் செல்லும் வன்தட்டுக்கு. இரண்டாம் பங்கு யூ.பி.எஸ்.ஸுக்கு. மூன்றாவதே பலகைக்கும் புரொசசருக்கும். மூலம் வேறெங்கேனும் உள்ள படங்களையும் பாட்டுக்களையும் மட்டும் வைக்கும் வீட்டுக்கு என்100 வகையோ, கழித்த அலுவலகக் கணினியோ போதும். மூலமே அப்பெட்டகத்தில்தான் உள்ளது எனின், அதாவது ஏட்டைப் படமெடுத்தபின் ஏடு செல்லரித்துப் போகும் நிலை எனின், ஈ.சி.சி. ஏற்கும் பலகையை முதலிலும் அதற்கேற்ற சிக்கனமான புரொசசரைப் பின்னரும் தெரிக. வேகத்துக்கெனத் தனியே ஒரு சதமும் ஒதுக்க வேண்டியதில்லை.

பாடசாலை மாணவர்க்கு ஒரு சொல். விடுமுறையில் உங்கள் வீட்டார் கைபேசிகளில் எத்தனை படங்கள் உள்ளன, அவற்றின் மொத்த அளவு யாது, அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை எவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எத்தகைய பெட்டகம் வேண்டும் என்பதற்கு அப்பட்டியலே விடை கூறும். கடைக்குச் செல்வதும் விலை பேசுவதும் அதன்பின் இருக்கட்டும்.